சராசரிக் கடல்

லாங்வோர் தீவு
20 பிப்ரவரி 1994

அக்கா,

போன் செய்யாதே. போனில் உன்னோடு பேசி நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை. அரைமணி நேரத்தில் என்னையே தலையாட்ட வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது.

ஓட்வார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வலது காது போய்விட்டது. அதைவிட மோசம், அவரால் நிற்க முடியவில்லை. உள்காதில்தான் மனுஷனின் நிதானம் இருக்கிறதாம், அது கிழிந்துவிட்டதாம். இனி தண்ணீருக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது வருஷமாகக் கடலில் மூழ்கிச் சிப்பி குளித்த என் புருஷனிடம், இனிமேல் குளியல் தொட்டியில்கூடத் தலையை முக்காதீர்கள் என்கிறார்கள்.

நடந்தது இதுதான். துறைமுகத்தை ஆழமாக்கப் பாறைக்கு வெடி வைக்கிறார்கள் அல்லவா, அதற்கு உங்கள் நிறுவனம் கணக்குப் போட்டுக் கொடுத்த எச்சரிக்கைத் தாள் கூட்டுறவுக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அடியில் உன் பெயர். வெடிக்கும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் குளிப்பவர்கள் வெடி நேரத்தில் ஆறு மீட்டர் ஆழத்துக்கு மேலே வந்து நின்றால் போதும், படகில் ஏற வேண்டியதில்லை என்று அதில் இருக்கிறது. ஓட்வார் நான்கு கிலோமீட்டர் தள்ளி, வடக்குப் பாறைத்திட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார். வெடி நேரத்துக்கு முன்னால் சமர்த்தாக மேலே வந்து, ஐந்து மீட்டரில் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தேவாலயத்தில் எழுந்து நிற்கச் சொன்னாலும் உட்கார்ந்திருக்கும் மனுஷன், நீ சொன்னாய் என்பதற்காகத் தண்ணீருக்குள் ஒழுங்காக நின்றார். படகில் இருந்த கூட்டாளி யூஸ்டைனுக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டியதுபோலத்தான் கேட்டதாம். ஓட்வார் முகமூடிக்குள் ரத்தத்தோடு மேலே வந்தார்.

வெடி வைக்கும் கம்பெனியின் ஆள் ஒருவர் ஆஸ்பத்திரிக்கே வந்தார். கையில் ஒரு கொத்துப் பூ. "சளியோட இறங்கினீங்களாமே?" என்று கேட்டார். இவர் சும்மா இருக்கக்கூடாதா? "ஞாயித்துக்கிழமை ரெண்டு தும்மல் போட்டேன், அது சளியில சேருமா?" என்று சிரித்தார். அந்த ஆள் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டு போனார். சளி பிடித்தவன் இறங்கினால் காது தானே கிழியும், அது அவனவன் தப்பு என்று இப்போது சொல்கிறார்கள். தீவில் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள்.

ஏப்ரலில் ட்ரொண்ட்ஹெய்மில் விசாரணை. தாள் தப்பு என்று ஒரு வரி எழுதிக் கொடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

தூரில்


ட்ரொண்ட்ஹெய்ம்
28 பிப்ரவரி 1994

அன்புள்ள தூரில்,

ஓட்வாரை நினைத்து இரண்டு நாள் என்னால் வேலையே செய்ய முடியவில்லை. இதை நீ நம்ப மாட்டாய். ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

தாள் தப்பு என்று எழுது என்கிறாய். எதைப் பார்த்து எழுதுவது? அது நான் மட்டும் உட்கார்ந்து கிறுக்கியதல்ல. கடலின் ஆழம், அடியில் சேறா பாறையா, தண்ணீரின் சூடு, உப்பு எல்லாவற்றையும் கொடுத்தால் ஒலி எந்தப் பக்கம் போகும், எங்கே எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லும் கணித மாதிரி அது. மூன்று பேர் சரிபார்த்தார்கள். போன ஆகஸ்டில் உங்கள் துறைமுகத்திலேயே சின்ன வெடி வைத்து அளந்து பார்த்தோம். கணக்கும் அளவும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின.

ஆறு மீட்டர் என்பதையும் கனவில் கண்டு எழுதவில்லை. மேலே போகிற ஒலி கடலின் மேல்மட்டத்தில் மோதித் தலைகீழாகத் திரும்பும். நேரே வரும் ஒலியும் திரும்பி வரும் ஒலியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். அதனால் மேலே வர வர அமைதி. இது பாடப்புத்தகத்தில் இருப்பது.

சில விஷயங்கள் எனக்குத் தெரிய வேண்டும். அன்று அவர் நிஜமாகவே ஐந்து மீட்டரில்தான் இருந்தாரா, யார் பார்த்தார்கள்? சளி எந்த அளவுக்கு இருந்தது? மேலே வரும்போது வேகமாக வந்தாரா? கோபப்படாதே. விசாரணையில் இதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் என் வேலை என்ன என்று நீ கேட்டதே இல்லை. உங்கள் கல்யாண விருந்தில் "குன்வோர் மீனுக்குக் காது வெச்சுக் கேக்குறா, அது என்ன சொல்லுதுன்னு நமக்குச் சொல்ல மாட்டேங்குறா" என்று ஓட்வார் எழுந்து நின்று சொன்னபோது முதலில் சிரித்தது நீதான். இன்றைக்கு என் வேலை தப்பு என்று சொல்வதற்கு மட்டும் அது உனக்குப் புரிந்துவிட்டது.

குன்வோர்


லாங்வோர்
6 மார்ச் 1994

குன்வோர்,

கம்பெனிக்காரன் கேட்ட அதே மூன்று கேள்வி. அவன் பூவாவது கொண்டு வந்தான்.

ஐந்து மீட்டர்தான். அவர் கையில் கட்டியிருந்த ஆழமானி சொல்கிறது, கயிற்றில் இருக்கும் முடிச்சு சொல்கிறது, யூஸ்டைன் சொல்கிறான். சளி, இரண்டு தும்மல். இந்தத் தீவில் பிப்ரவரியில் தும்மாதவன் செத்தவன்தான். வேகமாகத்தான் வந்தார். காதுக்குள் கத்தி இறங்கினால் நீ எப்படி வருவாய்?

அவர் எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். கழிப்பறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார், பாதி வழியில் தரையில் உட்கார்ந்துவிடுகிறார். கண்ணை மூடினால் கட்டில் சுற்றுகிறதாம், அதனால் தூங்குவதில்லை. தட்டில் உருளைக்கிழங்கைக் குத்தப் போனால் முள்கரண்டி பக்கத்தில் இறங்குகிறது. "கிழங்குக்குத் தலை சுத்துது, பாவம், நகர்ந்து நகர்ந்து போவுது" என்கிறார். நான் சிரிக்க வேண்டும் என்று அதைச் சொல்கிறார். நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

உன் வேலையைப் பற்றி நான் கேட்டதில்லையா? நீ படித்துக்கொண்டிருந்தபோது மூன்று வருஷம் ஞாயிறுதோறும் உனக்காகக் கடலின் சூட்டை அளந்தது யார்? ஓட்வார் துடுப்புப் போட, நான் அந்தப் பித்தளைக் குழாயைக் கயிற்றில் இறக்கி ஐந்து மீட்டர், பத்து மீட்டர், இருபது மீட்டர் என்று படித்து உனக்குத் தபாலில் அனுப்பினோம். குளிர்காலத்தில் கயிறு கையுறையோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும். ஒருதரம் என் தோலும் சேர்ந்து வந்தது. அப்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டோமா? அக்கா கேட்டாள், அளந்தோம்.

இப்போது கேட்கிறேன். ஆகஸ்டில் சரிபார்த்தோம், பொருந்தியது என்கிறாய். வெடித்தது பிப்ரவரியில். நாங்கள் அளந்து கொடுத்த பிப்ரவரியை நீ என்ன செய்தாய்?

தூரில்


ட்ரொண்ட்ஹெய்ம்
19 மார்ச் 1994

தூரில்,

உங்கள் பிப்ரவரி என்னிடம் பத்திரமாக இருந்தது. அதை நான் தூக்கிப் போடவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். அதை ஆகஸ்டோடு கூட்டி வகுத்துவிட்டேன்.

உனக்குப் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். சூடான தண்ணீரில் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக. ஒலி எப்போதும் மெதுவான பக்கமாக வளையும். கோடையில் மேல்தண்ணீர் சூடு, அடியில் குளிர், அதனால் ஒலி கீழே வளைந்து சேற்றில் புதைந்துவிடும். குளிர்காலத்தில் நேர்மாறு. மேலே குளிர், அடியில் வெதுவெதுப்பு. ஒலி மேலே வளைந்து, மேல்மட்டத்தில் மோதிக் கீழே வந்து, மறுபடி மேலே வளைந்து, கடலின் தோலோடு ஒட்டிக்கொண்டே ஓடும். எங்கேயும் புதையாது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது போல அந்த மேல்பட்டைக்குள்ளேயே ஓடும்.

எங்கள் துறையில் பழக்கம், வருஷத்துக்கு ஒரு கடல். எல்லா மாதத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்து மாதிரிக்குக் கொடுப்போம். ஆகஸ்டில் சரிபார்த்தபோது மட்டும் ஆகஸ்ட் தண்ணீரைக் கொடுத்தோம், அதனால் பொருந்தியது. கீழே வளைவதையும் மேலே வளைவதையும் சேர்த்து வகுத்தால் என்ன வரும்? எந்தப் பக்கமும் வளையாத ஒலி வரும். அழகாக நேராகப் போய்த் தேய்ந்துவிடும். அப்படி ஒரு கடல் லாங்வோரில் ஒருநாள்கூட இருந்ததில்லை. அந்த இல்லாத கடலுக்குத்தான் நான் தாள் எழுதிக் கொடுத்தேன்.

ஒருதரம் சந்தேகம் வந்தது. கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று இரண்டு தாளாகப் போடலாமா என்று எங்கள் தலைவர் ஹல்ஸ்டைனிடம் கேட்டேன். "ஒரு தீவு, ஒரு தாள், ஒரு எண். ரெண்டு தாள் ஒட்டினா ரெண்டையும் படிக்க மாட்டாங்க" என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கம்பெனியும் ஒரு எண்தான் கேட்டிருந்தது.

உன் கடிதம் வந்த பிறகு பிப்ரவரியை மட்டும் போட்டுக் கணக்கை ஓட்டினேன். ஓட்வார் நின்ற இடத்தில் நான் தாளில் சொன்னதைப்போலப் பத்து மடங்கு அழுத்தம் வருகிறது. இருபது மீட்டர் ஆழத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவர் கீழேயே சிப்பி பொறுக்கிக்கொண்டு இருந்திருந்தால் நன்றாக இருந்திருப்பார். நான் சொன்னதைக் கேட்டு மேலே வந்தார்.



விசாரணைக்கு வருகிறேன். ஹல்ஸ்டைனிடம் சொல்லிவிட்டேன். "நீ எழுதின தாளுக்கு எதிரா நீயே போய் நிப்பியா?" என்றார். நிற்பேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் என் வணக்கத்துக்குப் பதில் சொல்வதில்லை. பரவாயில்லை.

அக்கா


லாங்வோர்
24 மார்ச் 1994

அக்கா,

உன் கடிதத்தை ஓட்வாருக்கு இடது காதுப்பக்கம் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பாத்தியா, நான் ஒழுங்கா இருந்தா இதான் கதி" என்றார். பிறகு நல்ல கோட்டை எடுத்து வெளியே மாட்டச் சொன்னார். மாமா செத்தபோது போட்டது, வயிறு பிடிக்கிறது, பட்டனைத் தள்ளித் தைக்கிறேன்.

அன்றைக்கு இரவு அவர் கொஞ்சம் தூங்கினார். உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

விசாரணை முடிந்ததும் எங்களோடு கப்பலேறி வந்துவிடு. ஈஸ்டருக்கு வாங்கிய ஆட்டுக்கால் ஒன்று உனக்காக உறைபெட்டியில் இருக்கிறது. மேல் அறையில் புதுப் போர்வை போட்டிருக்கிறேன். நான் முன்னால் எழுதியது எல்லாம் எழுதியதுதான், திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டேன். ஆனால் வா.

ஒன்று மட்டும். அங்கே நேராகச் சொல், அக்கா. உன் பாஷையில் சொல்லாதே, எங்கள் பாஷையில் சொல்.

தூரில்


லாங்வோர்
17 ஏப்ரல் 1994

குன்வோர்,

ஆட்டுக்காலை யூஸ்டைன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ பேச ஆரம்பித்தபோது நான் பெருமைப்பட்டேன். சுவரில் அந்தப் படத்தைப் போட்டு, கோடைக்கடல் இப்படி, குளிர்கடல் இப்படி என்று நீ காட்டினாய். குழுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். தாள் தப்பு, நான்தான் போட்டேன் என்று சொன்னாய். ஓட்வார் என் கையை அழுத்தினார். அப்போதே நீ உட்கார்ந்திருக்கலாம்.

கம்பெனியின் வக்கீல் எழுந்தாள். அவள் குரலைக்கூட உயர்த்தவில்லை. "இந்த ஒலிதான் இவர் காதைக் கெடுத்ததுன்னு சொல்றீங்களா?"

"ஒலி எவ்வளவு இருந்திருக்கும்னு சொல்லலாம். காதுக்கு என்ன ஆச்சுன்னு என்னால சொல்ல முடியாது."

"சளியால ஆகியிருக்கலாமா?"

"ஆகியிருக்கலாம். இல்லைன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்லை."

"பழைய கணக்கு தப்புங்கிறீங்க. புதுக் கணக்கும் தப்பா இருக்க வாய்ப்பு உண்டா?"

"உண்டு. அந்த நாள், அந்த இடத்துல யாரும் அளக்கலை."

ஓட்வாருக்கு வலப்பக்கம் நீ, உன் குரலும் இப்போது இறங்கிவிட்டது. அதனால் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. "என்ன சொல்றா?" என்று என்னைக் கேட்டார். "ஒருவேளைன்னு சொல்றா" என்றேன். "அது நமக்கு நல்லதா கெட்டதா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது, குன்வோர். நீ சொல்லவில்லை, நான் சொன்னேன்.

தீர்ப்பு நேற்று வந்தது. ஒலியால் ஏற்பட்டது என்று நிரூபணம் ஆகவில்லை. உடல்நலக் குறைவோடு இறங்கியது காரணமாக இருக்கலாம். தாள் திருத்தப்பட வேண்டும். அவ்வளவுதான். தாளுக்கு நியாயம் கிடைத்துவிட்டது.

கூட்டுறவுக் கடைச் சுவரில் இருந்த தாளில் இந்த 'ஒருவேளை' எங்கே இருந்தது? ஆறு மீட்டர், பயமில்லை, கையெழுத்து. கம்பெனி கேட்டபோது சந்தேகமே இல்லாமல் ஒரு எண்ணை எடுத்து நீட்டினாய். உன் தங்கை புருஷன் கேட்டபோது உன்னிடம் இருந்தது எல்லாம் சந்தேகம்தான்.

தூரில்


ட்ரொண்ட்ஹெய்ம்
2 மே 1994

தூரில்,

நீ சொன்னது சரி. அந்தத் தாளில் 'ஒருவேளை' இல்லை. எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி ஒரே ஒரு முறை எழுதினேன், அது ஓட்வாரின் காதை எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகும் தெரியாததைத் தெரியும் என்று சொல்லச் சொல்கிறாய்.

அந்த வக்கீல் கேட்டபோது பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆமாம், ஒலிதான், வேறெதுவும் இல்லை. மனதுக்குள் அதைத்தான் நம்புகிறேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் நம்புவதும் தெரிவதும் வேறு. பொய் சொல்லியிருந்தால் நீ என்னை மன்னித்திருப்பாய், மேல் அறையில் புதுப் போர்வையில் தூங்கியிருப்பேன். அது அங்கே நிற்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை.

என் மேல் உனக்கு இருக்கும் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் பயந்து அப்படிச் சொன்னேன் என்று மட்டும் நினைக்காதே. பயந்தது தாள் எழுதியபோது.

புதுத் தாள் தயாராகிறது. கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. குளிர்காலத்தில் பத்துக் கிலோமீட்டருக்குள் யாரும் தண்ணீரில் இருக்கக்கூடாது, எல்லோரும் படகில் ஏறிவிட வேண்டும் என்று போடச் சொல்லியிருக்கிறேன். ஹல்ஸ்டைன் எதிர்த்தார். விசாரணைக் குழுவே சொன்னபிறகு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓட்வாருக்கு இதனால் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு இருக்கும்.

அவரிடம் நான் ஒருதரம் பேச வேண்டும். இடது பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். சொல், வருகிறேன்.

குன்வோர்


லாங்வோர்
27 நவம்பர் 1994

குன்வோர்,

மே மாதம் வந்த கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். அதற்குப் பிறகு நீ அனுப்பிய மூன்றையும் பிரிக்கவில்லை. தபால்காரர் சங்கடப்பட்டார், அதனால் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஓட்வார் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். பதனிடும் கொட்டகையில் உட்கார்ந்தபடி சிப்பி உடைக்கிறார். மற்றவர்கள் குளித்து எடுத்த சிப்பி. அவருடைய சிப்பி குளிக்கும் அனுமதி அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், சளியோடு விதி மீறி இறங்கியவர் என்று எழுதி. கொட்டகையில் யாராவது தும்மினால் "ஓட்வார் வந்துட்டான்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவரும் சிரிக்கிறார். அவர் இப்போது வீட்டில் ஜோக் அடிப்பதில்லை.

நீ பேச வர வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன். "எனக்கு அவ மேல கோவம் இல்ல. அவகிட்ட சொல்றதுக்கும் ஒண்ணுமில்ல" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதி என்னுடையது.

வெடி மறுபடி ஆரம்பித்துவிட்டது. உன் குளிர்காலத் தாள் கடைச் சுவரில் இருக்கிறது. ஹல்ஸ்டைன் சொன்னது பொய், எல்லோரும் படிக்கிறார்கள். வெடிக்கு முன்னால் சங்கு ஊதும். பாறைத்திட்டுகளைச் சுற்றி இருக்கிற அத்தனை பேரும் மேலே வந்து படகில் ஏறிவிடுகிறார்கள். ஒரு குறையும் இல்லை. யாருக்கும் காது வலித்தது என்றுகூட ஒரு பேச்சில்லை.

இன்றும் சங்கு ஊதியது. நான் கொட்டகை ஜன்னலில் நின்று ஒவ்வொரு படகாகப் பார்த்தேன். ஒருவன் மட்டும் ஏறாமல் இருந்துவிடட்டும் என்று நினைத்தேன். சாக வேண்டாம். காதில் கொஞ்சம் ரத்தம் வந்தால் போதும். சளி இல்லாத ஒருவனுக்கு வரட்டும், அப்போது ஓட்வாரை நம்புவார்கள். யூஸ்டைனின் படகில் ஒரு தலை குறைந்த மாதிரி தெரிந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது, பயத்தில் அல்ல. பிறகு யூஸ்டைன் படகின் மறுபக்கத்திலிருந்து எழுந்து நின்றான். வெடி வெடித்தது. எல்லோரும் மறுபடி தண்ணீருக்குள் இறங்கினார்கள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. யூஸ்டைனின் மனைவி அப்போது என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு. அவள் வயிற்றில் மூன்றாவது பிள்ளை. நான் அவள் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லி வாங்கிக் குடித்தேன்.

நான் இப்படிப்பட்டவள் இல்லை, அக்கா. நீ உண்மை பேசினாய், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. எத்தனை ராத்திரி தேடியும் அகப்படவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வெடிக்கும் நான் அந்த ஜன்னலுக்குப் போகிறேன். நாளைக்கும் ஒன்று இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வராதே.

தூரில்